மீன் குளத்துத் தீனியும் வாத்துக் கூட்டமும்

குளத்தில் குஞ்சு விட்டு மீன் வளர்க்கும் அங்கத்தினர்களிடமிருந்து அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. "தவறாமல் நாள்தோறும் பிண்ணாக்கும் தவிடும் போடுகிறோம், போட்டது போட்ட மாத்திரத்தில் தீர்ந்தும் போகிறது, ஆயினும் மீன் மட்டும் எடை கூடவில்லை" என்பதே அம்முறையீடு. குஞ்சு மட்டமானது என்று சிலர் கூறுவர். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு சிலர் கூறுவர். பிண்ணாக்கு விற்ற வியாபாரியைக் குறை கூறுவோரும் உளர். இவற்றுள் எதுவும் உண்மையாக இருக்கக் கூடும். ஆனால் இம்முடிவுகளுக்கு வருமுன், தீனி போடும் வேளையில் கரையோரம் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் அசையாது அமர்ந்து பார்ப்பது நலம். தீனிக் கூடையைக் கண்டதுமே எதிர்க்கரையிலிருந்து நீந்தி வருபவர் யார் என்பது அப்போது விளங்கும்.

வாத்துகள்தாம் அவை. பக்கத்து வீட்டு வளர்ப்பு வாத்துகளாக இருக்கலாம். அறுவடை முடிந்த வயலை நோக்கி ஓட்டிச் செல்லப்படும் வாத்து மந்தையாக இருக்கலாம். மார்கழி, தை மாதங்களில் வந்து தங்கும் கிளுவை, சீழ்க்கைச் சிறகி போன்ற காட்டு இனங்களாகவும் இருக்கலாம். அவற்றுடன் நாமக்கோழியும் கலந்துகொள்ளும். இவையெல்லாம் குளத்தை விட்டு ஒழிய வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. வாத்தினால் மீன் குளத்துக்கு விளையும் நன்மையும் பெரிதே. அதனைப் பின்னர்க் கூறுவோம். தீனி யாருக்காக வாங்கப்பட்டதோ அவர் வாயில் அது சேர வேண்டும் என்பதும், அதற்குரிய வழி பறவையைத் துரத்துவதில் இல்லை, தீனியை இடும் முறையில்தான் உள்ளது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

வாத்து வெல்வது ஏன்?

மீனின் வாயையும் வாத்தின் அலகையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இப்போட்டியில் மீன் தோற்பது ஏன் என்பது புலனாகும். கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை, சாதாக்கெண்டை ஆகிய நம் குளத்து மீன்கள் எல்லாம் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை என்ற தனி உறுப்பு கிடையாது. உண்ட உணவு நேரே குடலுக்குச் செல்லும். ஆகவே அவை ஒரே வேளையில் வயிறு முட்ட உண்டு வைத்துக்கொள்ள இயலாதவை; சிறிது சிறிதாக, நெடுநேரம் மேய்பவை. அன்றியும், கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்காலும் சாதாக்கெண்டையும் அடிமட்டத்திலும் இரை தேடும் இயல்புடையன. நீர்ப்பரப்பில் தூவப்படும் தீனியை நாடி எல்லா மீனும் உடனே மேலே வந்துவிடுவதில்லை.

வாத்தோ இதற்கு நேர்மாறானது. அதன் அலகின் இரு ஓரங்களிலும் சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் உண்டு. நீரை வாங்கி ஓரங்களின் வழியே வெளியேற்றுகையில் அதில் மிதக்கும் தவிட்டுத் துகள் அத்தனையும் அத்தகடுகளில் தங்கிவிடும். கழுத்தின் அடிப்பகுதியில் உணவுக்குழாய் விரிந்துகொடுப்பதால், சில நிமிடங்களில் நிறைய விழுங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் அதனால் முடியும். ஆகவே உலர்ந்த தவிட்டைக் கரையில் நின்று வீசுவது, வாத்துக்கென்றே இலை போட்டுப் பரிமாறுவது போன்றதாகும். உலர் தவிடு மிதக்கும். காற்று வீசும் பக்கமெல்லாம் ஒதுங்கி ஒரு மூலையில் சேரும். வாத்து அம்மூலையை நன்கறியும்.

எனினும் வாத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாட்டு வாத்தும் கிளுவை முதலியனவும் நீரில் மூழ்கி இரை தேடும் பழக்கமில்லாதவை. தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் மட்டும் துழாவும், அவ்வளவே. அது ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றேகால் அடி ஆழமே ஆகும். இரண்டடிக்குக் கீழே உள்ள தீனி அவற்றுக்கு எட்டாது. நாமக்கோழியும் முக்குளிப்பானும் மூழ்கக் கூடியவை என்பது மெய்யே. ஆனால் முக்குளிப்பான் பூச்சியையும் சிறு மீனையும் நாடுவது, நாமக்கோழி பெரும்பாலும் நீர்ப்பூண்டுகளைத் தின்று வாழ்வது. நம் பிண்ணாக்குச் செலவுக்குப் பெருங்கணக்கு எழுதுவது மூழ்காத வாத்தேயாகும். இந்த ஒன்றேகால் அடிக்கும் இரண்டடிக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் நமது உபாயம் அடங்கியிருக்கிறது.

நட்டம் எவ்வளவு?

ஓர் ஏக்கர் குளம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 குஞ்சுகள் விட்டதில் 1,800 தங்கி, ஐந்தாவது மாதத்தில் ஒவ்வொன்றும் சராசரி 250 கிராம் எடையுள்ளதாகக் கொண்டால், குளத்தில் உள்ள மீன் 450 கிலோ. அதன் எடையில் நூற்றுக்கு 3 வீதம் தீனி இடுவோமானால் நாளொன்றுக்குப் பதின்மூன்றரைக் கிலோ ஆகும். இப்போது ஐம்பது வாத்துகள் அதில் பங்குக்கு வருகின்றன. வாத்து ஒன்றின் நாளைய தீனியில் பாதிக்குச் சமமான 60 கிராமை மட்டும் அது நம் குளத்தில் எடுத்துக்கொள்கிறது என்றாலும், மொத்தம் 3 கிலோ போகிறது. இது இடும் தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். மாதத்துக்கு 90 கிலோ. கலந்த தீனி கிலோ 30 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 2,700 ரூபாய். ஆறு மாதத்தில் 16,200 ரூபாய். விலையை அவரவர் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சங்கத்தில் கடன் பெற்றுக் குளம் எடுத்தவருக்கு இதன்மேல் வட்டியும் உண்டு.

பணநட்டம் மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். இதைவிடப் பொல்லாத தீங்கு ஒன்று பின்னே வருகிறது. போட்ட தீனி நொடியில் தீர்வதைக் காணும் அங்கத்தினர், மீனுக்குப் பசி மிகுதி என எண்ணித் தீனியின் அளவை உயர்த்துகிறார். பதின்மூன்று கிலோ பதினேழாகிறது; பதினேழு இருபதாகிறது. வாத்துகள் வரும் வரையில் குறை ஒன்றும் தெரிவதில்லை. அறுவடைக் காலம் வருகிறது. காவிரிப் படுகை மாவட்டங்களில் குறுவையோ தாளடியோ அறுத்தானதும், சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்வதற்காக வாத்து மந்தைகள் வயல்களுக்கு ஓட்டப்படுவது யாவரும் அறிந்ததே. வாத்துகள் ஒருநாள் குளத்தை விட்டுப் போய்விடுகின்றன. உயர்த்தப்பட்ட தீனி மட்டும் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. மீன் உண்டதுபோக மிஞ்சியது அடியில் தங்கி அழுகுகிறது. அழுகும் பொருள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும், அம்மோனியாவையும் பெருக்கும். பத்து நாட்களில், மேகமூட்டமான ஓர் இரவு கழிந்து பொழுது விடியும் நேரத்தில், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுத் திணறும். ஓராண்டு உழைப்பு ஒரு காலையில் கரையொதுங்குவது பெரும்பாலும் இவ்விதமாகத்தான்.

அத்தகைய காலையில் செய்யத்தக்கது யாதெனில், தீனியை அறவே நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுவதும், பம்பு கொண்டு குளத்து நீரையே உயரத்திலிருந்து சிதறி விழச் செய்வதும், ஆள் இறங்கி மேல்நீரை மூங்கிலால் அடித்துக் கலக்குவதுமாகும். அடிச்சேற்றைக் கலக்கலாகாது, அங்கே உள்ள நச்சு வாயு மேலே கிளம்பும்.

முதலில் சோதனை

தீனியை உண்பது எது என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டுவதில்லை. இரண்டு மூங்கில் தட்டுகளை எடுத்துக்கொள்க. இரண்டிலும் சம எடையுள்ள தீனி உருண்டைகளை வைத்து, ஒன்றை அரையடி ஆழத்திலும் மற்றொன்றை இரண்டரை அடி ஆழத்திலும் அருகருகே தொங்கவிடுக. ஒரு மணி நேரத்துக்குப்பின் தூக்கிப் பார்க்க. மூன்று நாட்கள் இவ்வாறு செய்து, மேல்தட்டு ஒவ்வொரு நாளும் வெறுமையாகவும் கீழ்த்தட்டில் பாதி எஞ்சியும் இருக்குமானால், உண்டது வாத்து என்பது தெளிவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் குறைந்திருந்தால் வாத்தின் மீது பழி வேண்டாம். குளத்தின் நீரையும் குஞ்சின் எண்ணிக்கையையும் ஆராய வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கயிறும் சிறிது பொறுமையுமே.

தீனியை நீருக்குள் கொண்டு செல்லும் முறைகள்

கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் சம எடையில் எடுத்து, பிண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டுடன் பிசைந்து, கெட்டியான உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். உருண்டை கையிலிருந்து நழுவி நீரில் விழுந்தாலும் உடனே உடையாதிருப்பதே சரியான பதம். தளர இருந்தால் பாதி வழியிலேயே கரைந்து மேலே மிதக்கத் தொடங்கிவிடும். இவ்வுருண்டைகளை ஓரம் உயர்ந்த தட்டுகளில் வைத்து, குளத்தில் நட்ட மூங்கில்களிலிருந்து நீர்மட்டத்துக்கு இரண்டரை அடி கீழே தொங்கவிடுவது எளிய முறை. ஏக்கருக்கு ஆறு தட்டுகளாவது வெவ்வேறு இடங்களில் இருப்பது நலம். ஒரே தட்டாயின் பெரிய மீன்கள் சூழ்ந்துகொள்ள, சிறியவை பட்டினியாகும். தட்டு கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கரையோர ஆழமற்ற நீரில் தீனி கிடந்தால் மீன் அங்கே கூடும். மீன் கூடும் இடத்தில் கொக்கும் மடையானும் காத்து நிற்கும். தீனி பறிபோவதோடு மீனும் பறிபோகும்.

இதனினும் மேம்பட்ட முறை ஒன்று ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மீன் பண்ணைகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. அங்கே தீனியைப் பையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நெய்த பிளாஸ்டிக் சாக்கின் அடிப்பாகத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இட்டு, உள்ளே தவிடும் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, வாயைக் கட்டி, நீரில் ஊன்றிய மூங்கிலில் பிணைத்துவிடுவார்கள். மீன்கள் துளைகளில் வாய்வைத்து உறிஞ்சி உண்ணும். சில நாட்களில் இதற்குப் பழகி, பை கட்டும் ஓசை கேட்டதுமே சுற்றிலும் வந்து நிற்கும். ஏக்கருக்கு ஆறு முதல் எட்டுப் பைகள் போதும். இரைப்பையற்ற மீனுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஏனெனில் தீனி ஒரேயடியாகக் கொட்டாமல், வேண்டும்போது வேண்டுமளவு கிடைக்கிறது. நமது நோக்கத்துக்கும் இது பொருந்துகிறது. துளைகள் இரண்டடிக்குக் கீழே இருக்குமாறு பையைத் தாழ்த்திக் கட்டிவிட்டால் வாத்து சுற்றிச் சுற்றி வருமேயன்றி வேறொன்றும் செய்ய இயலாது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. துளை பெரிதானால் தீனி தானே கொட்டும். பையை நீரிலிருந்து தூக்கிப் பார்க்கும்போது துளையில் தீனி ஒட்டி நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. இரண்டாவதாக, உரம் வந்த சாக்காக இருப்பின் பலமுறை அலசி வெயிலில் காயவைத்த பின்னரே பயன்படுத்தலாம். பூச்சிமருந்து வந்த எந்தப் பையும் குளத்தின் பக்கமே வரலாகாது. மூன்று மணி நேரத்துக்குப்பின் பையில் தீனி எஞ்சியிருப்பின் மறுநாள் அளவைக் குறைக்க. முற்றிலும் காலியாயிருந்தால் சிறிது கூட்டலாம். இவ்விதம் மீனே நமக்கு அளவு சொல்லிவிடுகிறது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பை தைப்பதிலும் வலை முடிவதிலும் அவர்களுக்குள்ள கைத்திறன் மற்றவர்க்கு வராது. ஆயினும் தறியில் மிஞ்சிய பருத்தி நூலை இவ்வேலைக்குக் கொண்டுவர வேண்டாம். பருத்தி நீரில் விரைவில் மக்கும். பருத்தி வலைகள் வழங்கிய காலத்தில் மரப்பட்டைக் கஷாயத்தில் தோய்த்து எடுத்து அதனாலேயே அவற்றின் ஆயுளை நீட்டினார்கள். இப்போது நைலான் நூலும் தென்னங்கயிறும் இருக்க, அந்தச் சிரமம் எதற்கு?

மிதக்கும் குருணைத் தீனி வாங்கி இடுவோர் இப்போது பெருகியுள்ளனர். மீன் உண்பதைக் கண்ணால் காணலாம் என்பது அதன் நன்மை. வாத்துள்ள குளத்தில் அதுவே அதன் குறையுமாகும். மிதப்பதெல்லாம் வாத்துக்கு எட்டுவதே. அத்தகையோர் மூங்கிலால் ஆறடிச் சதுரமான மிதவைச் சட்டம் ஒன்று செய்து, அதன் மேற்புறம் வலையால் கூரைபோல் மூடி, பக்கங்களில் ஒன்றரை அடி ஆழம்வரை வலையைத் தொங்கவிட்டு, அதனுள்ளே குருணையை இடலாம். மீன் அடியிலிருந்து வரும். வாத்து பக்கத்திலிருந்து வர இயலாது. இது இயலாதாயின் அமிழும் தீனியை வாங்கித் தட்டில் இடுவதே சிக்கனம்.

வேளை

தீனி இடும் வேளையும் இவ்விஷயத்தில் நமக்குத் துணை செய்கிறது. குளத்து நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருப்பது பொழுது விடியும் நேரத்தில். வெயில் ஏற ஏற நீர்ப்பாசிகள் அதனை உண்டாக்கும். ஆகவே விடியற்காலையில் மீனுக்குத் தீனி இடுவது தகாது. எட்டரை மணிக்குமேல் இடுவதே முறை. வாத்தோ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு விடும். முட்டை குளத்திலும் புதரிலும் தொலையாதிருக்க, அதுவரை வாத்தைக் கொட்டிலில் அடைத்து வைப்பது நல்ல வாத்துப் பண்ணைகளின் வழக்கம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாத்து கொட்டிலில் இருக்கும் எட்டரை மணிக்கு மீனுக்குத் தீனி வைத்து, பத்து மணிக்கு வாத்தைத் திறந்துவிட்டால் சச்சரவில் பாதி தீர்ந்துபோகும். திறப்பதற்குமுன் வாத்துக்கு அதன் தீனியைக் கொட்டிலிலேயே கொடுத்துவிட வேண்டும். பசித்த வாத்தைக் குளத்தில் விட்டு, பிறர் தீனியைத் தொடாதே என்றால் அது கேட்குமா?

காட்டு வாத்துகளுக்குக் கொட்டில் இல்லை. ஆனால் சீழ்க்கைச் சிறகி முதலியன பகலில் ஓய்ந்திருந்து அந்தியிலும் இரவிலுமே மிகுதியாக மேயும். எனவே மாலையில் தீனியை மிஞ்சவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேகம் மூடிய நாளிலும், விடாது மழை பெய்யும் நாளிலும் மீன் குறைவாகவே உண்ணும். அந்நாட்களில் தீனியைப் பாதியாக்குவதோ நிறுத்துவதோ சிறந்தது. மார்கழிக் குளிரிலும் அளவைக் குறைக்க வேண்டும். வலசைப் பறவைகள் மிகுதியாக வரும் காலமும் அதுவே என்பது நமக்கு ஒரு விதத்தில் அநுகூலம்.

பூசணம் பிடித்த பிண்ணாக்கு

கடலை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு நன்கு தெரிந்த இடர் ஒன்றை இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது. ஈரம் தாக்கிய பிண்ணாக்கில் பூசணம் பிடித்து அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்ததில், தீனியில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று தெரிந்தது. இந்நஞ்சு பற்றிய அறிவு உலகுக்குக் கிட்டியது அப்போதுதான். வளர்ப்புப் பறவைகளுள் இந்நஞ்சை மிகக் குறைவாகத் தாங்கக் கூடியது வாத்து. ஆகவே "இது மீனுக்குத்தானே" என்று கெட்ட பிண்ணாக்கைக் குளத்தில் கொட்டுபவர், தம் குளத்துக்கு வரும் அண்டைவீட்டுக்காரரின் வாத்துகளையும் பலியிட நேரலாம். மீனுக்கும் அது ஆகாது. சங்கக் கிடங்கில் பிண்ணாக்கு மூட்டைகளைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்குவது இக்காரணம் பற்றியே.

வாத்தின் பங்கு

இனி வாத்தின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். வாத்து ஒன்று நாளொன்றுக்கு 125 முதல் 150 கிராம் வரை எச்சமிடுகிறது. அது நீரில் விழுந்து, பாசியும் நுண்ணுயிர்களும் பெருக உரமாகிறது. அவை மீனுக்கு உணவாகின்றன. நத்தையையும் தலைப்பிரட்டையையும் நீர்ப்பூச்சிகளையும் தின்று குளத்தைத் துப்புரவாக்குகிறது. மீனையும் வாத்தையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கும் முறையில் ஏக்கருக்கு 80 முதல் 120 வாத்துகள் வரை ஏற்றவை என்று கொள்ளப்படுகிறது. அவ்வளவு வாத்து உள்ள குளத்துக்குச் சாணி உரம் வேண்டியதில்லை. மீனுக்கு இடும் தீனியும் வெகுவாகக் குறையும். நீர் பசுமை ஏறியிருக்கிறதா என்பதை, முழங்கை அளவு கையை நீரில் விட்டுப் பார்த்து அறியலாம். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பதம். மணிக்கட்டு ஆழத்திலேயே மறைந்தால் உரம் மிகுதி. வாத்தைச் சில நாள் வேறிடம் மாற்றுக.

ஒரு நிபந்தனை மட்டும் தவறலாகாது. வாத்துள்ள குளத்தில் விடும் குஞ்சு பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமுடையதாக இருக்க வேண்டும். அதனினும் சிறிய குஞ்சு வாத்துக்கு இரையாகிவிடும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்து நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஆற்றில் பிடித்த குஞ்சையே நம்பியிருந்த நிலை, 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி ஊக்கி மருந்து செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்ததன் பின்னரே மாறியது. இன்றும் ஒவ்வொரு குஞ்சும் விலை கொடுத்து வாங்குவதுதான். போன குஞ்சுக்கு ஈடாகக் குளத்தில் புதியது பிறக்கப் போவதில்லை.

காட்டுப் பறவைகளைக் கொல்வதும், வலையிட்டுப் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். தவிட்டில் விஷம் கலந்து வைப்பது குற்றத்திலும் கொடிது. அது மீன் வழியாக உண்பவரின் இலைக்கே வந்து சேரும். நீர்க்காகத்தின் தொல்லை மிகுந்த குளங்களில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரைக்குக் கரை கயிறு கட்டுவதுண்டு. நீரில் நெடுந்தூரம் ஓடியே மேலெழும் பறவையாதலால் கயிறு குறுக்கிட்ட குளத்தில் இறங்க அது தயங்கும். கயிறு பருமனாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய நைலான் இழையில் பறவைகள் சிக்கி மாளும். வெடி வெடித்து விரட்டுவதை யாம் விரும்புவதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடியாமல் இருக்கிறார்கள். 1936இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேடந்தாங்கலிலும், ஏரி நீரில் கலக்கும் பறவை எச்சம் வயலுக்கு உரமாவதை அறிந்து, அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊரார் பறவைகளைக் காத்து வந்துள்ளனர். உழவருக்குத் தெரிந்த இக்கணக்கு மீன் வளர்ப்போருக்கும் தெரிந்திருப்பது நன்று.

சங்கத்தில் முடிவு செய்ய வேண்டியவை

ஒரே சங்கத்தில் ஒருவர் குளத்தைக் குத்தகை எடுத்து மீன் வளர்ப்பதும், மற்றொருவர் வாத்து வளர்ப்பதும் இயல்பு. "உன் வாத்து என் பிண்ணாக்கைத் தின்றது" என்பார் ஒருவர். "என் வாத்து இட்ட எருவில் உன் மீன் கொழுத்தது" என்பார் மற்றவர். இருவர் கூறுவதும் மெய்யாதலால் வாய்ப்பேச்சில் இது தீராது. குத்தகை எழுதும்போதே, வாத்தைக் குளத்தில் விடும் நேரம், விடத்தக்க எண்ணிக்கை, குஞ்சு விட்ட முதல் மாதத்தில் வாத்து வராதிருத்தல் ஆகியவற்றை நிர்வாகக் குழுவின் முன்னிலையில் எழுதிக்கொள்வது சச்சரவைத் தவிர்க்கும். மேய்ச்சலுக்கு வரும் வெளியூர் மந்தைக்காரரிடமும் முன்னரே பேசிவைக்க வேண்டும். நெடுவழி நடந்து வரும் மந்தைக்குக் குளத்து நீர் தேவைப்படும், அதை மறுப்பது முறையல்ல. தீனி வேளை தவிர்த்து இறக்கிக்கொள்ளச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

குளத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை வீச்சு வலையில் இருபது, இருபத்தைந்து மீன்களைப் பிடித்து, ஈரச்சாக்கில் வைத்து எடை போட்டு, உடனே நீரில் விட்டுவிடுக. சராசரி எடையை உயிரோடிருக்கும் மீனின் எண்ணிக்கையால் பெருக்கி, வரும் மாதத்துத் தீனியைக் கணக்கிடலாம். குஞ்சுப் பருவத்தில் எடையில் நூற்றுக்கு 5 வீதம் தொடங்கி, மீன் பெருக்கப் பெருக்கக் குறைத்து, அரைக் கிலோவைத் தாண்டியதும் 2 வீதத்தில் நிறுத்துவது வழக்கம். அதே பக்கத்தில், அம்மாதம் குளத்துக்கு வந்த வாத்துகளின் எண்ணிக்கையையும், அவை வராத நாட்களையும் குறித்து வைக்க வேண்டும். அறுவடை மாதத்தில் தீனியை எப்போது குறைப்பது என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரியும்.